நடுவழியில் நிற்கும் வண்டியும் நம் செய்முறைக் குறிப்பேடும்

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையை விடியற்காலையில் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே விலையை முடிவு செய்வது பூ மட்டுமன்று, நேரமுந்தான். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களில் இருட்டோடு பறித்த மல்லிகை மொட்டு, இதழ் விரியுமுன் சந்தைக்கு வந்து சேர வேண்டும். விரிந்த பூவுக்கு மொட்டின் விலை கிடைக்காது. இந்தப் பந்தயத்தில் உழவரின் உழைப்பைச் சுமந்து ஓடுபவை சிறிய சரக்கு வண்டிகளே. ‘பிக்கப்’ என்றும், இன்னும் சிறியதாயின் ‘குட்டி யானை’ என்றும் நாம் அழைக்கும் வண்டிகள் அவை.

இவற்றுள் புதிய மாதிரிகளை ஓட்டுபவர்களிடம் பேசிப் பாருங்கள். ஒரு புகார் காதில் விழக்கூடும். “நல்லாத்தான் சார் ஓடிக்கிட்டு இருக்கும். திடீர்னு மீட்டர் போர்டு விளக்கெல்லாம் மினுக்கும், எஞ்சின் அணைஞ்சிரும். பத்து நிமிஷம் கழிச்சுச் சாவியைத் திருப்பினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பும்.” பட்டறைக்குக் கொண்டு போனாலோ, வைத்தியரைக் கண்டதும் மறைந்துவிடும் பல்வலி போலக் கோளாறு ஒளிந்துகொள்ளும்.

இது வெறும் தொல்லை அன்று. ஓடும் வண்டியில் எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்கை அழுத்தத் துணை செய்யும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிப்புகளுக்குத்தான் மிஞ்சும். நான்கு வழிச் சாலையில், பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருக்கும் நேரத்தில், இதன் பொருள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இக்கட்டுரை ஒரு விமரிசனம். ஆனால் வண்டியை மட்டும் குறை கூறுவது இதன் நோக்கமன்று. இத்தகைய கோளாற்றைத் தேடும் முறையில் தயாரிப்பாளர், பட்டறைக்காரர், உரிமையாளர், இயற்பியல் கற்பிக்கும் என்னைப் போன்றோர் ஆகிய எல்லோருமே ஒரு தவற்றைச் செய்து வருகிறோம். நாம் உறுப்புகளை மாற்றுகிறோம், அளப்பதில்லை. அளந்தாலும் பெரும்பாலும் தவறான இடத்தில், தவறான வேளையில் அளக்கிறோம்.

பழைய வண்டிக்கு இந்த நோய் ஏன் இல்லை?

பழைய டீசல் எஞ்சின் ஒருமுறை கிளம்பிவிட்டால், ஓடுவதற்கு மின்சாரத்தை ஏறத்தாழ நம்பியிராது. டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதை எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு பம்பு தன் பற்சக்கரங்களாலும் விற்சுருள்களாலும் முடிவு செய்தது. ஒயர் ஒன்று தளர்ந்தால் விளக்கு அணையும், எஞ்சின் அணையாது.

இன்று அந்த முடிவைச் செய்வது, பட்டறையில் ‘ஈ.சி.எம்.’ என்று சொல்லப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. அது எஞ்சினைக் கண்ணால் பார்ப்பதில்லை. உணரிகள் என்னும் சென்சார்கள் அனுப்பும் மின்குறிகளைக் கொண்டே அறிகிறது. அவற்றுள் முதன்மையானது கிராங்க் தண்டின் நிலையைக் கூறும் உணரி. பல எஞ்சின்களில் இதற்கென 60 பற்களுக்கு இடமுள்ள சக்கரம் ஒன்று உண்டு. அடையாளத்துக்காக இரண்டு பற்களை விட்டுவிட்டு 58 பற்களே வைத்திருப்பார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது அது நொடிக்கு 50 சுற்று ஆகும். ஆகவே ஒரு பல் கடந்து மறு பல் வருவதற்கு ஆகும் நேரம் நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. இந்த உணரியின் ஒயர் இணைப்பு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் விட்டுப் போனாலும், பெட்டி முப்பது பற்களின் கணக்கை, அதாவது அரைச் சுற்றை, இழந்துவிடும். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டீசலைப் பீய்ச்சுவது ஆபத்து. எனவே அது பீய்ச்சுவதை நிறுத்தும். எஞ்சின் அணையும். பெட்டி தன் கடமையைச் சரியாகவே செய்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இதைக் கேட்டதும், “பழைய வண்டியே மேல்” என்று சிலர் முடிவு கட்டுவார்கள். அது தவறு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் நிலை 6 என்னும் புகை விதி நடைமுறைக்கு வந்தது. டீசல் கார்கள் வெளிவிடலாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளின் வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாகக் குறைந்தது. சரக்கு வண்டிகளுக்கும் வரம்புகள் இறுகின. இத்துணை நுட்பமாக எரிபொருளை அளந்து கொடுக்கப் பழைய பம்பினால் இயலாது. நம் நுரையீரலுக்குக் கிடைத்த இந்த நன்மையை விட்டுக்கொடுக்க முடியாது. மின்னணுவியல் வேண்டும். ஆனால், அதற்குரிய கோளாறு தேடும் அறிவும் உடன் வர வேண்டும்.

‘சென்சார் போய்விட்டது’

நின்ற வண்டி பட்டறைக்கு வருகிறது. ஸ்கேனர் என்னும் கருவியைப் பொருத்துகிறார்கள். திரையில் ஒரு குறியீடு தோன்றுகிறது. பி 0335 என்று வைத்துக்கொள்வோம். “கிராங்க் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்கிறார்கள். மாற்றுகிறார்கள். நான்கு நாள் வண்டி ஓடுகிறது. ஐந்தாம் நாள் மீண்டும் நிற்கிறது. இப்போது வேறொரு உறுப்பின் முறை.

உலகப் பொதுவான பட்டியலில் பி 0335 என்னும் குறியீட்டுக்குரிய விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். அதில் ‘கிராங்க் சென்சார் பழுது’ என்று இல்லை. ‘கிராங்க் சென்சார் சர்க்கியூட்’ என்றே இருக்கிறது. இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சர்க்கியூட் என்றால் மின்சுற்று. உணரி, அதன் ஒயர்கள், நடுவிலுள்ள கப்ளர்கள், எர்த் இணைப்பு, பெட்டியின் நுழைவாயில் ஆகிய அனைத்தும் அதில் அடக்கம். சுற்றில் எங்கோ குறை என்று கருவி சொல்கிறது. நாமோ கடைசிச் சொல்லை விட்டுவிட்டு, விலைக்கு வாங்கக்கூடிய உறுப்பின் பெயரை மட்டும் படித்துக்கொள்கிறோம். காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் காட்டினால் அது நோயின் பெயர் ஆகாது. ஸ்கேனரின் குறியீடும் அவ்வாறே. அது தேடலின் தொடக்கம், முடிவன்று.

நான் செய்த தவறு

பட்டறையை மட்டும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மல்லிகை ஏற்றிவரும் பிக்கப் ஒன்று எனக்குத் தெரிந்தவருடையது. நான்கு மாதத்தில் பலமுறை நடுவழியில் நின்றது. கிராங்க் உணரி, பிரதான ரிலே, பாட்டரி என்று மூன்றையும் மாற்றியாயிற்று. கல்வி ஆண்டு விடுமுறையில் ஒரு நாள் நண்பகல், வண்டி நின்ற இடத்துக்கே என் மல்டிமீட்டரை எடுத்துச் சென்றேன். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் தரும் கப்ளரைக் கழற்றி, மின்சாரம் வரும் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே அளந்தேன். 12.4 வோல்ட்டு இருந்தது. “பெட்டிக்கு மின்சாரம் ஒழுங்காக வருகிறது; பெட்டியில்தான் குறை” என்று தீர்ப்பும் கூறிவிட்டேன். புதுப் பெட்டியின் விலையைக் கேட்டு வண்டிக்காரர் முகம் வாடியது.

அழைத்து வந்திருந்த வயதான எலெக்ட்ரீஷியன் ஒருவர், “சார், சும்மா நிக்கிற வயர்ல எப்பவும் பன்னெண்டு இருக்கும். வேலை கொடுத்துப் பாருங்க” என்றார். பின்புறப் பிரேக் விளக்கின் 21 வாட் பல்பு ஒன்றை அதே இரு முனைகளுக்கிடையே இணைத்தார். பல்பு மங்கலாக எரிந்தது. இப்போது மீட்டரை வைத்தேன். பல்பின் இரு முனைகளுக்கிடையே 8.2 வோல்ட்டு. பாட்டரியின் நேர்முனைக்கும் கப்ளருக்கும் இடையே 0.1 வோல்ட்டு. கப்ளரின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 4.1 வோல்ட்டு! கூட்டிப் பாருங்கள், 12.4 வருகிறது. களவு போன 4 வோல்ட்டும் எர்த் வழியில் இருந்தது. அப்போது பல்பில் ஓடியது ஏறத்தாழ 1.4 ஆம்பியர். ஓம் விதிப்படி அந்த இணைப்பின் தடை ஏறத்தாழ 3 ஓம்.

என் முதல் அளவீடு ஏன் ஏமாற்றியது? மல்டிமீட்டரின் உள்தடை ஏறத்தாழ ஒரு கோடி ஓம். அதனோடு 3 ஓம் அன்று, 1000 ஓம் தடையே தொடராக இருந்தாலும் அளவு பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் குறையும். மீட்டர் 12.4 என்றே காட்டும். மின்னோட்டம் இல்லாத ஒயரில் மின்னழுத்த இழப்பு இல்லை. மின்கலத்தின் அகத்தடைப் பாடத்தில் திறந்த சுற்றுக்கும் மூடிய சுற்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவன் நான். வெயிலில், வண்டியின் முன் நிற்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

எர்த் ஒயரைத் தொடர்ந்து சென்றோம். பாட்டரித் தட்டின் அடியில், வண்டிச் சட்டத்தோடு அதை முடுக்கியிருந்த போல்ட்டு சிறிது தளர்ந்திருந்தது. வளைய முனையில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சிடும் வரை சுத்தம் செய்து, இறுக்கிய பின் இழப்பு 0.05 வோல்ட்டுக்கு இறங்கியது. அதன்பின் அந்த வண்டி நிற்கவில்லை. செலவு, ஒரு துண்டு உப்புத்தாள்.

தொடும் இடத்தில் நடப்பது

இரண்டு உலோகப் பரப்புகளை அழுத்தி வைத்தால் அவை முழுவதும் தொடுவதாக நினைக்கிறோம். மின் தொடுகைகளைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த சுவீடன் நாட்டு இயற்பியலறிஞர் ராக்னர் ஹோம் இந்த எண்ணத்தை மாற்றினார். எவ்வளவு வழவழப்பான பரப்பும் நுண்ணளவில் மேடு பள்ளமானதே. மேடுகள் சந்திக்கும் சில புள்ளிகளில் மட்டுமே உண்மையான தொடுகை உண்டு. பெரிய நெடுஞ்சாலையில் வரும் ஊர்திகள் ஒரு குறுகிய பாலத்தில் நெருங்குவது போல மின்னோட்டம் அப்புள்ளிகளில் நெருங்குகிறது. புள்ளியின் ஆரம் சுருங்கச் சுருங்கத் தடை கூடுகிறது. ஆரம் நூறில் ஒரு பங்கானால் தடை நூறு மடங்காகும்.

கப்ளருக்குள் இருக்கும் முனைகளில் பலவற்றுக்கு வெள்ளீயப் பூச்சு உண்டு. வெள்ளீயம் மென்மையானது, அதன் ஆக்சைடு கடினமானது, மின்சாரத்தை எளிதில் கடத்தாதது. முனையைச் செருகும்போது ஆக்சைடு ஏடு உடைந்து உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. இதுவரை நன்மையே. ஆனால் வண்டி ஓடும்போது அதிர்கிறது, சூடேறி ஆறுகிறது. 20 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கப்ளரை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 60 பாகை உயர்ந்தால் அதிலுள்ள செம்பு ஏறத்தாழ 20 மைக்ரான் நீளும். பிளாஸ்டிக்கின் விரிவுக் குணகம் செம்பைப் போல் நான்கைந்து மடங்கு இருக்கக்கூடும். அது 90 மைக்ரான் வரை நீளும். வேறுபாடு ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன். தொடுபுள்ளி இந்தச் சிறு தொலைவு முன்னும் பின்னும் நகரும்போதெல்லாம் புதிய உலோகம் காற்றுக்குத் தெரிகிறது, ஆக்சைடாகிறது, அடுத்த நகர்வில் பொடியாகிறது, பொடி அங்கேயே சேர்கிறது. பல்லாயிரம் நகர்வுகளுக்குப் பின் இரு முனைகளும் ஆக்சைடுப் பொடியின் மீது நிற்கும். இதனை உராய்வு அரிமானம் என்பர்.

கோளாறு ஏன் வந்து வந்து போகிறது என்பது இப்போது விளங்கும். சூட்டில் விட்டுப்போன புள்ளி ஆறியதும் வேறோரிடத்தில் தொடுகிறது. பட்டறைக்காரர் கப்ளரைக் கழற்றி மாட்டினாலே ஆக்சைடு சிறிது விலகுகிறது. புது உணரியைப் பொருத்தும்போது நடப்பதும் இதுவே. நான்கு நாள் நலம் தந்தது புது உணரி அன்று, கழற்றி மாட்டிய செயல்!

மதுரைச் சமவெளியில் இதற்குத் துணைக்கு வருபவை பல. மே மாத வெயிலில் எஞ்சின் மூடிக்குள் தேங்கும் சூடு, வண்டிப்பாதைப் புழுதி, உரமூட்டையின் உப்பு, அதிவேக நீர்ப்பாய்ச்சலில் செய்யும் ‘வாட்டர் சர்வீஸ்’ ஆகியவற்றை அவற்றுள் சொல்லலாம். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953-இல் திறக்கப்பட்ட நாள் தொட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. உலோக அரிமானம் அதன் ஆய்வுத் துறைகளில் ஒன்று. பாலங்களையும் கப்பல்களையும் தின்னும் அந்த அரிமானம் ஓர் அரிசிமணி அளவுள்ள கப்ளர் முனையிலும் நடக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

வெளிநாட்டு அனுபவம்

இது மதுரைக்கு மட்டும் உரிய நோய் அன்று. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1983 முதல் சில மாதிரிகளில் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுத் துண்டத்தைச் சூடு மிகுந்த டிஸ்டிரிபியூட்டரின் மீதே பொருத்தியது. சூடேறினால் எஞ்சின் அணையும், ஆறினால் கிளம்பும். ஆறிய துண்டத்தை மேசைமேல் வைத்துச் சோதித்தால் குறை எப்படித் தெரியும்? வழக்கு நீண்டது. நிறுவனம் குறையை அறிந்தும் மறைத்தது என்று 2000-இல் கலிபோர்னியா நீதிபதி ஒருவர் கூறினார். 2001-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இதைவிடக் கொடியது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சாவி சுவிட்சு விவகாரம். சாவிக் கொத்தின் எடையாலோ முழங்கால் பட்டோ சுவிட்சு நழுவியது, எஞ்சின் அணைந்தது, உயிர் காக்கும் காற்றுப்பையும் விரியவில்லை. நிறுவனத்துக்குள் பல ஆண்டுகள் இதனைப் பாதுகாப்புக் குறை என்று கருதாமல், வாடிக்கையாளரின் வசதிக் குறை என்றே வகைப்படுத்தியிருந்தார்கள். 2014-இல் ஏறத்தாழ 26 இலட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. 124 பேரின் மரணத்துக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. ‘வந்து வந்து போகும் கோளாறு’ என்று அலட்சியமாகச் சொல்வதன் விலை இது.

குறை யாரிடம்?

தயாரிப்பாளரிடம் குறை உண்டு. பெட்டியையும் உணரிகளையும் எண்ணிப் பெருக்கியவர்கள், அவற்றை இணைக்கும் எர்த் முனைகளை எளிதில் பார்க்கவும் சுத்தம் செய்யவும் கூடிய இடத்தில் வைக்க வேண்டும். எந்த ஒயர் எங்கே போகிறது என்னும் படத்தை ஊர்ப் பட்டறைக்கும், நியாயமான விலையில், தமிழிலும் தர வேண்டும். படமில்லாமல் தேடச் சொல்லிவிட்டு, ‘வெளியாள் கை வைத்தார்’ என்று உத்தரவாதத்தை மறுப்பது முறையன்று.

பட்டறையிடம் குறை உண்டு. கழற்றி மாட்டுவதற்குக் கூலி கிடைக்கிறது. அரை மணி நேரம் அளப்பதற்குக் கூலி கேட்கவும் கொடுக்கவும் நம் ஊரில் வழக்கமில்லை. ஆகவே இக்குறையில் வாடிக்கையாளருக்கும் பங்கு உண்டு.

உரிமையாளரிடம் குறை உண்டு. கூடுதல் விளக்கு, காற்று ஹாரன், பாட்டுப் பெட்டி என்று கிடைத்த ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றிவிடுகிறோம். அந்த முறுக்கில் நாளை நீர் இறங்கும்.

எல்லோரையும்விட எங்களிடம், ஆசிரியர்களிடம், குறை உண்டு. நம் பாடப்படங்களில் ஒயர் என்பது தடையற்ற ஒரு கோடு. இணைப்பு என்பது ஒரு கரும்புள்ளி. மீட்டர் சமனச்சுற்றில் முனைத்தடை என்று ஒன்றைச் சொல்கிறோம். உடனே, தடைகளை இடம் மாற்றிச் சராசரி கண்டு அதை நீக்கிவிடுங்கள் என்று கடந்து போகிறோம். செய்முறைக் குறிப்பேட்டில் ‘முன்னெச்சரிக்கை’ என்னும் தலைப்பின் கீழ் எல்லா மாணவரும் மனப்பாடமாக எழுதும் வரி ஒன்று உண்டு: இணைப்புகள் இறுக்கமாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். அதை அளந்து பார்க்க ஒருவரையும் நாம் விடுவதில்லை. மல்லிகை வண்டியை நிறுத்திய இயற்பியல் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் கிடக்கிறது.

இதற்கு ஒரு செய்முறையே வைக்கலாம். ஒரு பாட்டரி, 21 வாட் பல்பு, ஒரு துருப்பிடித்த போல்ட்டு, ஒரு மல்டிமீட்டர் போதும். பல்பு எரியாதபோதும் எரியும்போதும் போல்ட்டின் இருபுறமும் அளக்கச் சொல்லுங்கள். தொழிற்பயிற்சி மாணவரும் கல்லூரி மாணவரும் ஒரே மேசையில் செய்யக்கூடிய பயிற்சி இது.

நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி நிற்கும் வண்டி இருந்தால், முதலில் ஒரு சிறு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். நின்ற நேரம், வெயிலா மழையா, விளக்கு எரிந்ததா, மேடு பள்ளத்தில் ஏறியதா, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது ஆகியவற்றைக் குறியுங்கள். பத்துப் பதிவுகளில் ஓர் ஒழுங்கு தென்படலாம்.

உறுப்பை மாற்றுமுன், மின்னோட்டம் ஓடும் நிலையில் எர்த் வழியிலும் மின்வரவு வழியிலும் மின்னழுத்த இழப்பை அளக்கச் சொல்லுங்கள். ஓர் இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் ஐயப்படலாம் என்பது மோட்டார் மின்வேலையின் கைவழக்கு. கோளாறு சூட்டில் வருமானால் சூட்டிலேயே அளக்க வேண்டும். ஒயர்க் கட்டை மெல்ல அசைத்துக்கொண்டும் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பல்புச் சோதனை, பாட்டரியிலிருந்து வரும் மின்வரவு வழிக்கும் எர்த் வழிக்கும் மட்டுமே உரியது. உணரிகளின் 5 வோல்ட்டு ஒயர்களிலும் பெட்டியின் சிறு மின்குறி ஒயர்களிலும் பல்பை இணைத்தால் பெட்டி எரிந்துபோகக்கூடும். கப்ளரைக் கழற்றுமுன் சாவியை மூடுங்கள். அதன் துளைக்குள் ஊசியைத் திணிக்காதீர்கள். உள்முனை விரிந்து புதுக் கோளாறு பிறக்கும்.

இறுதியாக, புகாரை எழுத்தில் கொடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 110-ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி தயாரிப்பாளருக்கு ஆணையிட அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிமையாளர்களின் புகார் எண்ணிக்கை அதில் கணக்கில் கொள்ளப்படும். டீக்கடையில் சொல்லிப் புலம்பிய குறை அந்தக் கணக்கில் ஏறாது. நாள், கிலோமீட்டர், வண்டி நின்ற விதம் ஆகியவற்றோடு எழுதிக் கொடுத்ததே ஏறும்.

மாணவர்களே, அடுத்த முறை செய்முறைக் குறிப்பேட்டில் அந்த முன்னெச்சரிக்கை வரியை எழுதும்போது சற்று நிறுத்துங்கள். இணைப்பு சுத்தமாக இருக்கிறதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மீட்டரை எடுத்து அளந்து, அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆசிரியர் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.